பிஸ்கட் டின்னில் கிடக்கும் கெப்சூல்

(கடந்த நவம்பர் மாதம் ஒரு தோட்டத்தின் பிள்ளை மடுவத்தில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற தோட்ட வைத்திய உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரை. அவர் பேசியபடியே, சிறிது சுருக்கித் தருகிறோம்.)



இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், கோயில் கமிட்டிக் கூட்டம் வேறு இருக்கிறதாம். அதையெல்லாம் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் தொடங்கி விடுகிறேன்.

இங்கே வருகிற வழியில் கீழ் லயத்தில் ஒரு வீட்டில் தேத்தண்ணி குடித்தேன். எனக்குத் தலை வலித்தது. "ஒரு பனடோல் இருக்குமாம்மா?" என்று கேட்டேன். அந்த அம்மா அலுமாரி மேலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தார். பனடோல் இருந்தது. அதோடு வேறு என்னவெல்லாம் இருந்தது தெரியுமா? பிரஷர் மாத்திரை ஒரு துண்டு. மகளுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த சளி மருந்தில் பாதிப் போத்தல். கடுதாசிப் பையில் சுற்றிய கெப்சூல் ஏழு. அது யாருடையது, எதற்குக் கொடுத்தது, எந்த வருடத்து மருந்து என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. "கெடக்கட்டும் ஐயா, அவசரத்துக்கு ஒதவும்" என்றார் அந்த அம்மா.

நான் அவரைக் குறை சொல்லவில்லை. என் வீட்டிலும் அப்படி ஒரு டின் இருந்தது. அதைப் பற்றித்தான் இன்று கதைக்கப் போகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை.

நான் 1978இல் டிஸ்பென்சரி வேலைக்கு வந்தேன். அப்போது அங்கே ஒரு வயதான டிஸ்பென்சர் ஐயா இருந்தார். அந்தக் காலத்து மருந்தெல்லாம் அவர் வாயால் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். சனங்கள் வீட்டிலிருந்து வெறும் போத்தலைக் கழுவிக் கொண்டு வர வேண்டும். பெரிய ஜாடியிலிருந்து மருந்தை ஊற்றி, கடுதாசியைப் பல்லுப் பல்லாக வெட்டி போத்தலில் ஒட்டுவார்களாம். ஒரு பல்லு ஒரு வேளை. இருமலுக்கு ஒரு நிறம், வயிற்றுக்கு ஒரு நிறம். காய்ச்சலுக்குக் கொயினா, வயிறு கழுவப் பேதி உப்பு, புண்ணுக்கு டிஞ்சர். அவ்வளவுதான் அலுமாரி. நம்ம தாத்தா பாட்டிமார் பலரும் அதில்தான் பிழைத்தார்கள். பிழைக்காதவர்களும் நிறையப் பேர்.

1912இல் வைத்தியத் தேவைகள் சட்டம் என்று ஒன்று வந்தது. தோட்டத்துச் சனத்துக்கு வைத்தியம் பார்ப்பது துரைமாரின் தயவு இல்லை, கடமை என்று அது எழுதி வைத்தது. நாலு வருடம் கழித்து, 1916இல், அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் வந்து மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். செனப்போடியம் என்று ஒரு எண்ணெய். வாயில் வைக்க முடியாத நாற்றம். சனங்களுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பிடிக்காததோடு இன்னொரு காரியமும் நடந்தது. மருந்து குடித்த ஆட்களுக்குத் திரும்பத் திரும்பப் புழு வந்தது. ஏன்? கக்கூஸ் இல்லை, காலில் செருப்பு இல்லை. மண்ணிலிருந்து புழு மறுபடியும் கால் வழியாக ஏறியது. மருந்து கொடுத்தவர் கணக்கில் ஆள் சுகம், லயத்தில் ஆள் பழையபடி. இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

பல வகைக் கிருமிகளை அடக்குகிற மருந்துகள் அதற்குப் பிறகுதான் வந்தன. 1930களில் சல்பா மருந்துகள், பிறகு பென்சிலின். பென்சிலினை அலெக்சாண்டர் பிளெமிங் 1928இலேயே கண்டுவிட்டார். ஆனால் மனிதருக்குக் கொடுக்கும் அளவுக்கு அதைப் பிரித்து எடுக்க இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்ட்டில் இருந்தவர்களுக்கு 1941 வரைக்கும் ஆனது. முதலில் அதை வாங்கிய நோயாளிகளில் ஒருவர் ஒரு பொலிஸ்காரர், அல்பர்ட் அலெக்சாண்டர் என்று பெயர். கிருமி முகமெல்லாம் பரவி, ஒரு கண்ணையே எடுத்துவிட்டார்கள். சாகக் கிடந்த ஆள். பெப்ரவரி மாதம் மருந்து ஏற்றத் தொடங்கியதும் காய்ச்சல் இறங்கியது, சாப்பாடு கேட்டார். ஆனால் உலகத்திலேயே இருந்த பென்சிலின் கையளவு. தீர்ந்து போனது. அவருடைய மூத்திரத்தைச் சேர்த்து, அதில் வெளியேறிய மருந்தைத் திரும்பப் பிரித்து எடுத்து ஏற்றினார்கள். அதுவும் போதவில்லை. மார்ச் 15ஆம் திகதி அந்த மனிதர் இறந்து போனார்.

மூத்திரத்திலிருந்து பிரித்து எடுத்துக் கொடுத்த மருந்து அம்மா அது! இன்றைக்கு அதன் தம்பி தங்கச்சி மருந்துகள் நம்ம பிஸ்கட் டின்னில் பனடோலோடு கிடக்கின்றன.

நான் வேலைக்கு வந்த காலத்தில் நிலைமை நடுவில் இருந்தது. பேராசிரியர் சேனக பிபிலே என்று ஒரு பெரிய மனிதர் இருந்தார். அவருடைய முயற்சியில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கியது. கம்பனிக்காரன் வைத்த பெயரைப் பார்த்து வாங்காமல், மருந்தின் சொந்தப் பெயரைப் பார்த்து வாங்கு, விலை குறையும் என்று சொன்னவர் அவர். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்து விடப்பட்டது. டவுனில் பாமசிகள் கூடின. ஒரே மருந்து பத்துப் பெயரில் வந்தது. இது சின்ன விசயம் இல்லை. டிஸ்பென்சரியில் நான் கொடுத்த கெப்சூலையும் டவுன் டொக்டர் கொடுத்த கெப்சூலையும் வேறு வேறு மருந்து என்று நினைத்து ஒருவர் இரண்டையும் ஒன்றாக விழுங்கினார். இரண்டும் அமொக்சிசிலின்தான். நிறம் வேறு, பெயர் வேறு. துண்டைக் கொண்டு வந்து காட்டியதால் தெரிந்தது. ஆகையால் வேறு இடத்தில் மருந்து எடுக்கப் போனால், முதலில் வாங்கிய துண்டையும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தக் காலத்தில் நானும் ஒரு பிழை செய்தேன். தடிமன், இருமல் என்று வந்தால் வெறும் பனடோல் கொடுத்து அனுப்ப ஏலாது. "மருந்தே குடுக்கல, சும்மா அனுப்பிட்டாரு" என்று பெரட்டில் கதைப்பார்கள். கெப்சூல் கொடுத்தால்தான் நான் நல்ல டொக்டரையா. இருப்பில் கெப்சூலும் குறைவு. ஆளுக்கு ஆறு, எட்டு என்று எண்ணிக் கொடுப்பேன். தடிமனை உண்டாக்குவது வைரஸ். கெப்சூல் வைரசைத் தொடவே தொடாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கொடுத்தேன். தேவையில்லாத ஆளுக்குக் கொடுத்தேன், தேவையான ஆளுக்கு அரைகுறையாகக் கொடுத்தேன். இரண்டும் பிழை.

இனி என் வீட்டு டின் கதை.

எனக்கு ஒரே ஒரு அக்கா. மூன்று வயது மூத்தவர். கொழுந்து எடுத்து என்னைப் படிக்க வைத்தவர் என்றே சொல்லலாம். 2005, 2006 காலம். மூத்திரம் போகும்போது எரிவு என்று அவருக்கு ஒரு வருத்தம். பெண்களுக்கு இது ஏன் வருகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலையில் கக்கூஸ் கிடையாது. காலையில் கூடையைப் போட்டால் பகல் கொழுந்து நிறுக்கும் வரை அடக்கிக் கொண்டு நிற்க வேண்டும். அடக்க வேண்டுமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. கிருமிக்கு அதைவிட என்ன வேண்டும்?

அக்கா என்னிடம் கூச்சப்பட்டுத்தான் சொன்னார். நான் வேறு ஒரு தோட்டத்தில் டியூட்டியில் இருந்தேன். "வீட்டுல டின்னுல கெப்சூல் கெடக்கு அக்கா, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு குடி" என்றேன். குடித்தார். இரண்டாம் நாள் எரிவு நின்றது. மிச்சத்தை டின்னிலேயே போட்டு வைத்தார். மூன்று மாதம் கழித்துத் திரும்ப வந்தது. என்னிடம் கேட்கவும் இல்லை. டின் இருக்கிறதே! இன்னொரு இரண்டு நாள். அதன் பிறகு மூன்றாம் தடவை. அப்போது டின்னில் இருந்தது வேறு மருந்து, காயத்துக்கு யாருக்கோ கொடுத்தது. அதையும் குடித்திருக்கிறார்.

நாலாவது தடவை கெப்சூல் குடித்தும் நிற்கவில்லை. குளிர் நடுக்கம், இடுப்பு வலி, வாந்தி. லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது சுயநினைவு குறைவு. சிறுநீரகத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். முதலில் போட்ட ஊசிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் கல்சர் ரிப்போர்ட் வந்தது.

கல்சர் என்றால் என்ன? மூத்திரத்தில் இருக்கிற கிருமியை எடுத்து வளர்த்து, ஒவ்வொரு மருந்தாகப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். மருந்துக்குக் கிருமி அடங்கினால் அதற்கு நேரே 'எஸ்' என்று எழுதுவார்கள். அடங்காவிட்டால் 'ஆர்'. நான் அந்தக் கடுதாசியை வாங்கிப் பார்த்தேன். மேலிருந்து கீழே ஆர், ஆர், ஆர். நான் இருபத்தெட்டு வருடம் எண்ணி எண்ணிக் கொடுத்த மருந்துகளின் பெயர்கள் எல்லாம் அதில் இருந்தன. கடைசியில் இரண்டே இரண்டு மருந்துக்கு நேரே எஸ். இரண்டும் நரம்பில் ஏற்றுகிற மருந்து.

அந்த வார்ட்டில் இருந்த இளம் டொக்டர் அம்மா நல்ல மாதிரிதான் கேட்டார். "இதற்கு முன்னால் இவருக்கு யார் மருந்து கொடுத்தது?" நான் பேசாமல் நின்றேன். வெள்ளைச் சேர்ட் போட்டு, பையில் பேனா குத்தி, டொக்டரையா என்று பெயர் வாங்கிய நான், வாயைத் திறக்கவில்லை. அடுத்த நாள்தான் போய் உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. எழுதிக் கொண்டார்.

பதினாலு நாள் வார்ட்டில் இருந்தார் அக்கா. பிழைத்தார். சிறுநீரகம் ஒன்று பழுது. மலைக்குத் திரும்பிப் போகவில்லை. இன்றைக்கும் மாதா மாதம் கிளினிக் போகிறார். என்னைப் பார்த்தால், "ஒன் டின்னை எங்க தம்பி?" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

சிலர் சொல்லுவார்கள், "அந்த மருந்து என் ஒடம்புக்குப் பழகிப் போச்சு, இப்ப கேக்குதில்ல" என்று. இந்தக் கதை பிழை. பழகுவது உடம்பு இல்லை, கிருமி. புல்லுக்கு மருந்து அடிக்கிறீர்களே, அதை நினைத்துப் பாருங்கள். ஒரே மருந்தை வருடக் கணக்காக ஒரே மலையில் அடித்தால் பெரும்பாலான புல் காய்ந்து போகும். எங்கேயோ ஒரு செடி மட்டும் காயாமல் நிற்கும். போட்டிக்குப் பக்கத்தில் வேறு புல் இல்லை, வெயிலும் எருவும் அதற்குத்தான். அது விதை போடும். நாலு வருடத்தில் மலை முழுக்க அந்த ஒரு சாதிப் புல். பழையபடி மருந்தடித்தால் சிரிக்கும். கிருமியிலும் இதுதான் நடக்கிறது. அதிலே இன்னும் ஒரு கெட்ட காரியம், கிருமிகள் தங்களுக்குள்ளே அந்தச் சூத்திரத்தைக் கைமாற்றிக் கொள்ளும். புல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

அப்படிப்பட்ட கிருமி என் அக்காவோடு நிற்காது. பக்கத்துக் காம்பராவுக்கும் போகும். நம்ம லயத்தில் ஒரு பீலி, ஒரு வரிசைக் கக்கூஸ். கெப்சூலை வாயால் கண்டிராத குழந்தைக்கும் அந்தக் கிருமி வரலாம். 2019 என்ற ஒரு வருடத்தில் மட்டும், மருந்துக்கு அடங்காத பக்டீரியாக் கிருமிகளால் நேரடியாக இறந்தவர்கள் உலகத்தில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் என்று 2022இல் ஒரு பெரிய ஆய்வு கணக்குச் சொன்னது. புது மருந்து வருமே என்று கேட்பீர்கள். நாம் இன்று பாவிக்கிற மருந்து வகைகளில் பெரும் பகுதி 1940க்கும் 1970க்கும் இடையில் கண்டுபிடித்தவை. அதற்குப் பிறகு வந்த புது வகைகள் விரல் விட்டு எண்ணக் கூடியவை.

இது நடக்கும் என்று பிளெமிங்கே 1945இல் நோபல் பரிசு வாங்கிய மேடையில் எச்சரித்தார். ஒரு கற்பனைக் கதையும் சொன்னார். ஒருவருக்குத் தொண்டைப் புண்ணாம். தானே பென்சிலின் வாங்கிப் போதாத அளவில் குடித்தாராம். கிருமி சாகாமல் பழகிக் கொண்டதாம். அது மனைவிக்குத் தொற்றி, அந்த அம்மாவைப் பென்சிலினால் காப்பாற்ற முடியாமல் போனதாம். இதில் ஒரு வேடிக்கை. அவர் கதையில் வந்த தொண்டைப் புண் கிருமி மட்டும் எண்பது வருடம் கழித்து இன்றைக்கும் பென்சிலினுக்கு அடங்கித்தான் போகிறது. மற்றக் கிருமிகள்தான் அவர் சொன்னபடி நடந்து கொண்டன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைகள் இருக்கலாம். மூன்று நாலு கிழமைக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போடச் சொல்லி இருப்பார்கள், வருடக் கணக்காக. "கூட்டத்துல ஐயா அன்டிபயோட்டிக் கெட்டதுன்னு சொன்னாரு" என்று அதை நிறுத்தி விடாதீர்கள்! அந்த ஊசி பிள்ளையின் இருதயத்தைக் காக்கிற ஊசி. அன்டிபயோட்டிக் கெட்டது என்று நான் சொல்லவே இல்லை. அது இல்லாவிட்டால் என் அக்கா இன்று இல்லை.

காசநோயும் அப்படித்தான். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து வந்த புதிதில், இங்கிலாந்தில் அதை முறையாகச் சோதித்து 1948இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதத்துக்குள் மருந்து வாங்கிய 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். மருந்தில்லாமல் படுக்கையில் மட்டும் வைத்திருந்த 52 பேரில் 14 பேர் இறந்தார்கள். பெரிய வெற்றிதான். ஆனால் நாள் போகப் போக, மருந்து வாங்கிய பலருடைய உடம்பில் கிருமி அந்த ஒற்றை மருந்துக்கு அடங்காமல் போனது. அப்போதுதான் ஒரு மருந்து போதாது, ஒன்றாகப் பல மருந்து கொடுக்க வேண்டும் என்று கண்டுகொண்டார்கள். இன்றைக்கு வழக்கமான காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, பிறகு நாலு மாதம் இரண்டு மருந்து. காசு இல்லை, அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. இரண்டாம் மாதம் இருமல் நின்றுவிடும், உடம்பு தேறும். அங்கேதான் சனம் மருந்தை விடுகிறது. மூத்திரம் செம்மஞ்சளாகப் போகிறது என்று பயந்து விட்டவரும் உண்டு. அது இரத்தம் இல்லை, மருந்தின் நிறம். பயப்படத் தேவையில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எத்தனை நாள் குடிப்பது என்ற கணக்கு மாறிக் கொண்டே வந்திருக்கிறது. பத்து நாள் குடித்தே ஆக வேண்டும் என்று நான் எத்தனையோ பேரை மிரட்டி இருக்கிறேன். இன்றைக்குப் பல வருத்தங்களுக்கு ஐந்து நாள், சிலதற்கு மூன்று நாள்கூடப் போதும் என்று டொக்டர்மார் எழுதுகிறார்கள். குழந்தைகளின் நிமோனியாவுக்கு நாங்கள் கொடுத்த கோட்ரைமொக்சசோலை உலக சுகாதார நிறுவனம் பின்னுக்குத் தள்ளி, 2014 வழிகாட்டலில் அமொக்சிசிலினை முன்னுக்கு வைத்தது. தேவைக்கு மேல் குடித்தாலும் வயிற்றில் இருக்கிற மற்றக் கிருமிகள் மருந்துக்குப் பழகும் என்று கண்டிருக்கிறார்கள். அதற்காக, "சுகமாயிட்டு, நானே நிப்பாட்டிட்டேன்" என்று இருக்க ஏலாது. மூன்று நாளா, ஏழு நாளா, ஆறு மாதமா என்பது எந்த வருத்தம், எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். "எத்தின நாளைக்கு டொக்டர்?" என்று கேட்க ஒரு நிமிசம்.

குழந்தைக்குத் தடிமன், இருமல் என்றால் கொத்தமல்லித் தண்ணியும் பனடோலும் போதும் என்று எப்போது இருக்கலாம், எப்போது ஓட வேண்டும்? பிள்ளை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிசம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை நிமிசத்துக்கு 50ம் அதற்கு மேலும் இருந்தால், ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேகமான மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்காவிட்டால், வலிப்பு வந்தால், விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே ஆஸ்பத்திரி. தண்ணியாக வயிற்றோட்டம் போனால் கெப்சூல் தேட வேண்டாம், ஜீவனிதான் மருந்து. இரத்தம் கலந்து போனால் டொக்டர். பெரியவர்களுக்கும் காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நின்றால் இரத்தம் பாருங்கள். டெங்கு கெப்சூலுக்குப் போகாது. டிஸ்பிரின், வலி மாத்திரை என்று எடுத்தால் இரத்தம் கசியும் ஆபத்தும் உண்டு.

மாடு வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மடிநோய்க்கு மிருக வைத்தியர் கொடுக்கிற மருந்தும் இதே குடும்பம். எத்தனை நாள் பால் கொடுக்கக் கூடாது என்கிறாரோ, அத்தனை நாள் அந்தப் பாலை வீட்டுக்கும் எடுக்க வேண்டாம், சேகரிக்கும் இடத்துக்கும் ஊற்ற வேண்டாம்.

(இந்த இடத்தில் கூட்டத்தில் இருந்தவர்கள் சில கேள்விகளைக் கேட்டார்கள்.)

ஒரு தம்பி கேட்கிறார், பாமசியில் காசு கொடுத்தால் தருகிறார்களே, சட்டம் இல்லையா என்று. சட்டம் இருக்கிறது தம்பி. டொக்டரின் துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் விற்கக் கூடாது. துண்டு கேட்கிற கடைக்காரரிடம் நாம் சண்டை பிடிக்கிறோம், கேட்காத கடைக்காரர் நல்லவர் என்கிறோம். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பாதித் துண்டு வாங்கியவர்களை நான் கண்டேன். அவர்களைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது. கையில் அவ்வளவுதான் காசு. ஆனால் அப்போது செய்ய வேண்டியது, எழுதிய டொக்டரிடமோ அரசாங்க ஆஸ்பத்திரியிலோ விலை குறைந்தது இருக்கிறதா என்று கேட்பது. பாதியைக் குடிப்பது இல்லை.

பெரியம்மா ஒருவர் கேட்டது இதைவிடப் பெரிய கேள்வி. "டொக்டர்கிட்ட போகச் சொல்றீங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னைக்குப் பேரு போயிருது. வரிசையில நின்னு வர பொழுது சாஞ்சிரும். டின்னுல இருந்தா ரெண்டு ரூபாயும் செலவில்லையே?"

பெரியம்மா, அதற்கு என்னிடம் அழகான பதில் இல்லை. என் அக்காவும் அதனால்தான் டின்னைத் திறந்தார். முதலில் சொன்ன கொக்கிப்புழுக் கதையை நினையுங்கள். கக்கூஸ் கட்டாமல் எண்ணெயை மட்டும் ஊற்றினார்கள். இப்போதும், மலையில் ஒதுங்க இடம் இல்லை, குடிக்க நல்ல தண்ணி எல்லா லயத்துக்கும் இல்லை, கிளினிக் போனால் பேர் இல்லை. இந்த மூன்றும் அப்படியே இருக்க, "கெப்சூலை ஒழுங்காகக் குடி" என்று தொழிலாளிக்கு மட்டும் புத்தி சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நிர்வாகத்திலிருந்தும் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், அவர்கள் காதில் விழ வேண்டும் என்றே சொல்கிறேன். ஒரு மலைக்கு ஒரு கக்கூஸ் கட்டுகிற செலவும், ஒரு பெண் பதினாலு நாள் வார்ட்டில் கிடந்தால் கொழுந்தில் வருகிற நட்டமும் எவ்வளவு என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைவர்மாரும் சம்பளத்தோடு இதையும் சேர்த்துக் கதைக்க வேண்டும்.

அது நடக்கும் வரை நாம் செய்யக் கூடியது கொஞ்சம் உண்டு. மூத்திர எரிவு என்றால் வெட்கப்படாமல் மிட்வைப் அம்மாவிடம் சொல்லுங்கள். மலைக்குப் போகும்போது தண்ணிப் போத்தலைக் கொண்டு போங்கள். இன்னொரு ஆளின் கெப்சூலைக் குடிக்காதீர்கள், உங்கள் கெப்சூலை இரக்கப்பட்டுக் கொடுக்கவும் வேண்டாம். இரக்கம் வந்தால் அந்த ஆளோடு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போங்கள்.

இப்போது பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி கொடுக்கப் போகிறார்கள். நான் இந்த மேசையிலேயே நாலு மணி வரை இருப்பேன். வீட்டுக்குப் போய் டின்னை அப்படியே தூக்கிக் கொண்டு வாருங்கள். பிரஷர், சீனி மாத்திரை எது, எறிய வேண்டியது எது என்று பார்த்துப் பிரித்துத் தருகிறேன். எறிய வேண்டியதைக் கானில் கொட்ட வேண்டாம், இந்தப் பெட்டியில் போடுங்கள், ஆஸ்பத்திரியில் ஒப்படைக்க ஒழுங்கு செய்திருக்கிறார்கள். கீழ் லயத்து அம்மா, அந்தக் கடுதாசிப் பையையும் மறக்காமல் எடுத்து வாங்க.